டேங்க் நிறைந்தும் பாதியிலேயே நிற்கும் முள்: பழைய ஜீப்பின் டீசல் மீட்டர் கோளாறை எப்படிக் கண்டுபிடிப்பது?

கேள்வியின் சுருக்கம் இது. கேட்டவரிடம் இருப்பது 1990-களில் வந்த மஹிந்திரா டீசல் ஜீப், நான்கு சக்கர இயக்கம் உள்ளது. டேங்கை வாய்வரை நிரப்பினாலும் டீசல் முள் பாதியைத் தாண்டுவதில்லை. காலியாகும் சமயத்தில் மட்டும் ஓரளவு சரியாகக் காட்டுகிறது. இரவில் லைட் போட்டால் முள் இன்னும் கொஞ்சம் இறங்குகிறது. மழைக்காலத்தில் தொந்தரவு கூடுகிறது. எஞ்சின் சூட்டைக் காட்டும் முள்ளில் குறை எதுவும் இல்லை. பட்டறையில் சொன்னார்கள் என்று மீட்டரை மாற்றிப் பார்த்தார். காசு போனதுதான் மிச்சம். அடுத்து டேங்க் யூனிட்டை, அதாவது டேங்குக்குள் டீசல் மட்டத்தை அளக்கும் பாகத்தை, மாற்றலாமா என்று கேட்கிறார்.

இப்போதைக்கு எதையும் வாங்காதீர்கள். நீங்கள் எழுதியதிலேயே நல்ல தடயங்கள் இருக்கின்றன: நிறைந்திருக்கும்போது பெரிய பொய், காலியில் சின்னப் பொய், லைட் போட்டால் முள் இறங்குவது, மழையில் மோசமாவது. இவை எல்லாம் காட்டுவது ஒரே இடத்தைத்தான். டேங்கின் எர்த், அதாவது கரண்ட் பேட்டரி நெகட்டிவுக்குத் திரும்பிப் போகும் வழி, சரியில்லை. ஏன் இப்படிச் சொல்கிறேன், அதை ஒரு சாதாரண மல்டிமீட்டரை வைத்து எப்படி உறுதி செய்வது, எர்த் இல்லையென்றால் அடுத்து எங்கே பார்ப்பது என்று வரிசையாகச் சொல்கிறேன்.

இந்தச் சுற்று மிக எளிமையானது. பேட்டரியிலிருந்து இக்னீஷன் சாவி, ஃப்யூஸ் வழியாக டேஷ்போர்டில் உள்ள மீட்டருக்குக் கரண்ட் வருகிறது. மீட்டரிலிருந்து ஒரே ஒரு ஒயர் பின்னால் டேங்க் வரை போகிறது. டேங்கின் மேல் திருகியிருக்கும் யூனிட்டுக்குள் ஒரு மின்தடைச் சுருள் உண்டு. மிதவையோடு ஏறி இறங்கும் கை அந்தச் சுருளின்மேல் உரசியபடி நகரும். டீசல் மட்டம் மாற மாற மின்தடை மாறும், அதற்கேற்ப முள் நகரும். யூனிட்டைத் தாண்டிய கரண்ட் அதன் உலோக உடல் வழியாக டேங்குக்கும், டேங்கிலிருந்து சேஸிஸுக்கும் (வண்டியின் அடிச்சட்டம்), சேஸிஸிலிருந்து பேட்டரி நெகட்டிவுக்கும் திரும்பிப் போக வேண்டும். போகிற வழிக்கு ஒயர் இருக்கிறது. திரும்புகிற வழிக்குப் பல பழைய வண்டிகளில் இரும்பை மட்டுமே நம்பியிருப்பார்கள்.

ஜீப் போன்ற வண்டிகளில் அந்த நம்பிக்கை சீக்கிரம் பொய்த்துப்போகும். சாதாரணக் காரில் பாடியும் சேஸிஸும் ஒன்றாகவே வெல்டு செய்யப்பட்டிருக்கும். ஜீப்பில் ஏணி மாதிரியான சேஸிஸ் தனி, பாடி தனி, நடுவில் ரப்பர் புஷ். டேங்கும் ரப்பர் பட்டையின்மேல் உட்கார்ந்து, இரும்புப் பட்டையால் இறுக்கப்பட்டிருக்கும். யூனிட்டுக்கும் டேங்குக்கும் இடையே கேஸ்கெட். அந்தக் கேஸ்கெட்டில் கசிவு வரக்கூடாதென்று யாராவது ஒரு குழாய் சீலண்டைப் பிதுக்கியிருப்பார்கள். போதாததற்கு டிங்கரிங் முடித்து, பெயின்ட் அடித்து, அண்டர் கோட்டிங்கும் போட்டிருப்பார்கள். ஒவ்வொன்றும் நல்ல எண்ணத்தில் செய்த வேலைதான், ஆனால் எல்லாம் சேர்ந்து டேங்கை எர்த்திலிருந்து துண்டித்துவிடும். மிச்சமிருப்பது இரண்டு துருப்பிடித்த ஸ்க்ரூவும் கொஞ்சம் ஈரமும். சூரியநெல்லியிலிருந்து கொழுக்குமலை ஏறும் ஜீப்புகளைப் பார்த்தவர்களுக்குத் தெரியும், அந்தச் சேறு வண்டியின் அடியில் எந்த மூலையையும் விட்டுவைக்காது.

எர்த் கெட்டால் முள் ஏன் இப்படிக் குறிப்பாகப் பொய் சொல்ல வேண்டும்? கணக்கைப் பாருங்கள். 1972 முதல் 1986 வரை வந்த அமெரிக்க சிஜே ஜீப்புகளின் டேங்க் யூனிட் காலியில் 73 ஓம் (மின்தடையின் அளவு), பாதியில் 23 ஓம், ஃபுல்லில் 10 ஓம் காட்டும். இப்போது எர்த்தில் துரு சேர்ந்து கூடுதலாக ஒரு 13 ஓம் வந்துவிட்டது என்று வையுங்கள். டேங்க் நிறைந்திருக்கிறது, யூனிட் 10 ஓம் என்று சரியாகத்தான் சொல்கிறது, ஆனால் மீட்டருக்குத் தெரிவது 10-ம் 13-ம் சேர்ந்த 23 ஓம். அதாவது பாதி டேங்க். அதே 13 ஓம் காலி டேங்கில் 73-ஐ 86 ஆக்கும்; முள் ஏற்கெனவே அடியில் கிடப்பதால் கண்ணுக்குப் பெரிய வித்தியாசம் தெரியாது. ஃபுல்லில் பெரிய பிழை, காலியில் சின்னப் பிழை என்று நீங்கள் எழுதியதோடு அப்படியே பொருந்துகிறது. உங்கள் வண்டியின் ஓம் எண்கள் வேறாக இருக்கலாம், கணக்கு இதேதான்.

லைட் விஷயத்துக்கு வருவோம். பின்பக்க விளக்குகளின் கரண்டும் டேங்க் யூனிட்டின் கரண்டும் பல வண்டிகளில் பின்னால் ஒரே எர்த் வழியாகத் திரும்புகின்றன. அந்த எர்த் நன்றாக இருந்தால் சிக்கலே இல்லை. துருப்பிடித்திருந்தால், விளக்கின் கரண்ட் அந்தத் துருவைத் தாண்டும்போது அங்கே ஒன்று, ஒன்றரை வோல்ட் தேங்கிவிடும். மீட்டருக்கும் யூனிட்டுக்கும் சேர்ந்து கிடைக்க வேண்டிய 12 வோல்ட் அந்த அளவுக்குக் குறையும், முள் இறங்கும். இரவில் பின்பக்க விளக்குகள் மங்கலாக எரிகின்றனவா, பிரேக்கை மிதித்தால் இண்டிகேட்டர் தடுமாறுகிறதா என்று பாருங்கள். ஆம் என்றால் சந்தேகமே வேண்டாம்.

இதை அளந்து உறுதிப்படுத்த ஐந்து நிமிடம் போதும். இந்தப் பதில் முழுவதிலும் ஒரே ஒரு சோதனையைத்தான் செய்ய நேரம் இருக்கிறது என்றால் இதைச் செய்யுங்கள். டேங்கை நிரப்பிக்கொள்ளுங்கள். சாவி ஆஃப், விளக்குகள் எல்லாம் ஆஃப். டேங்க் யூனிட்டின் டெர்மினலிலிருந்து (ஒயர் மாட்டும் இடம்) ஒயரைக் கழற்றிவிடுங்கள். மல்டிமீட்டரை ஓம் அளவில், 200 ஓம் வரம்பில் வையுங்கள். மல்டிமீட்டரின் ஒரு முனையை யூனிட்டின் டெர்மினலிலும் மறுமுனையை யூனிட்டின் உலோக விளிம்பிலும் வைத்து எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். விளிம்பில் பெயின்டோ துருவோ இருந்தால் ஊசி முனையால் சுரண்டிவிட்டு அளக்க வேண்டும். அப்புறம் டெர்மினலில் வைத்த முனையை அப்படியே விட்டுவிட்டு, மறுமுனையை நீளமான ஒயர் மூலம் பேட்டரி நெகட்டிவுக்குக் கொண்டுபோங்கள். இரண்டு எண்ணும் ஏறக்குறைய ஒன்றாக இருக்க வேண்டும். அந்த நீள ஒயரின் பங்கு அரை ஓமுக்குள்தான் இருக்கும். முதலில் 11, பிறகு 25 என்று வந்தால் உங்கள் யூனிட் நல்ல யூனிட், 14 ஓம் துருவில் இருக்கிறது.

இரண்டு எண்ணும் ஒன்றாக இருந்தும் சந்தேகம் தீரவில்லை என்றால் இன்னொரு வழி. மல்டிமீட்டர் அனுப்பும் கரண்ட் மிகச் சிறியது, அதற்கு நல்லவனாக நடிக்கும் துரு நிஜச் சுமை வந்ததும் கையை விரித்துவிடும். அதனால் கழற்றிய ஒயரை மறுபடி மாட்டி, சாவியைப் போட்டு, விளக்குகளையும் எரியவிட்டு, யூனிட்டின் விளிம்புக்கும் பேட்டரி நெகட்டிவுக்கும் இடையே டிசி வோல்ட் அளந்து பாருங்கள். 0.1 வோல்டுக்குள் இருந்தால் எர்த் நன்று. அதைத் தாண்டி அரை வோல்ட், ஒரு வோல்ட் என்று காட்டினால் அதுதான் உங்கள் திருடன்.

சரிசெய்வது எளிது. யூனிட்டைப் பிடித்திருக்கும் ஸ்க்ரூக்களில் ஒன்றைக் கழற்றி, அதன் தலைக்கு அடியில் ஒரு தம்பிள் (ஒயர் நுனியில் மாட்டும் உலோக வளையம்) வைத்து 1.5 சதுர மில்லிமீட்டர் கறுப்பு ஒயரைப் போடுங்கள். மறுமுனையைச் சேஸிஸில் உறுதியான ஒரு போல்ட்டில், பெயின்டைப் பளபளவென்று இரும்பு தெரியும்வரை தேய்த்துவிட்டு, பல்வாஷர் வைத்து இறுக்குங்கள். இறுக்கிய பிறகு மேலே வாசலின் தடவினால் தண்ணீர் அண்டாது. தம்பிளை நசுக்கிப் பிடிக்கும் கருவியால் நன்றாக நசுக்குங்கள். ஒயரை முறுக்கி ஸ்க்ரூவில் சுற்றுகிற வேலை அடுத்த மழையோடு போய்விடும். அதோடு நிறுத்தாமல் பேட்டரி நெகட்டிவிலிருந்து சேஸிஸுக்குப் போகும் கேபிளையும், சேஸிஸிலிருந்து பாடிக்குப் போகும் பட்டையையும் ஒருமுறை கழற்றித் தேய்த்து மாட்டிவிடுங்கள். பாடி ரப்பர் புஷ்ஷில் உட்கார்ந்திருக்கிறது என்று மேலே சொன்னேன் இல்லையா, அந்தப் பட்டை அறுந்திருந்தால் டேஷ்போர்டில் உள்ள எல்லா மீட்டருமே திண்டாடும்.

உங்கள் கேள்விக்குப் பதில் இதோடு முடிந்திருக்கும் என்றே நினைக்கிறேன். ஆனாலும் இதே தொந்தரவுள்ள மற்றவர்களுக்கும், எர்த் சுத்தமாக இருந்தும் முள் திருந்தாதவர்களுக்கும் மீதியையும் சொல்லிவிடுகிறேன்.

எந்தப் பாதியில் கோளாறு என்று பிரிப்பதுதான் அடுத்த வேலை. டேங்க் பக்கம் ஒயரைக் கழற்றி, அது எதிலும் படாமல் தொங்கவிட்டு, சாவியைப் போட்டு முள் எங்கே போகிறது என்று பாருங்கள். சாவியை ஆஃப் செய்து, அந்த ஒயரைச் சேஸிஸோடு இணைத்து, பிறகு சாவியைப் போடுங்கள். முள் ஒருமுறை ஒரு கோடிக்கும் மறுமுறை எதிர்க்கோடிக்கும் போனால் மீட்டர், ஃப்யூஸ், நடுவே உள்ள ஒயர் எல்லாமே வேலை செய்கின்றன, கோளாறு டேங்குக்குள். முள் அசையவே இல்லை என்றால் டேங்கைத் தொடவே வேண்டாம், முன்பக்கம்தான் பிரச்சினை. சாவி போட்டிருக்கும்போது ஒயரை உரசி உரசிப் பார்க்கும் பழக்கம் பட்டறைகளில் உண்டு. டேங்க் வாயருகே பொறி பறக்கிற அந்த வேலையை, முக்கியமாகப் பெட்ரோல் வண்டியில், செய்யாதீர்கள். முதலில் இணைப்பு, அப்புறம் சாவி.

நேரடியாக எர்த்தில் இணைத்துவைத்தால் மீட்டருக்குள் வழக்கத்தைவிட அதிகக் கரண்ட் ஓடும். சில விநாடிகளுக்கு ஒன்றும் ஆகாது, மறந்து விட்டுவிட்டால் மீட்டர் கருகலாம். நான் விரும்புவது ரெசிஸ்டர் (குறிப்பிட்ட மின்தடை உள்ள சிறு பாகம்) முறை. எலெக்ட்ரானிக்ஸ் கடையில் வெள்ளைச் செராமிக் உடல் உள்ள 5 வாட் ரெசிஸ்டர்கள் சில ரூபாய்க்குக் கிடைக்கும். 10, 22, 68 ஓம் என்று மூன்றை வாங்கி, கழற்றிய ஒயருக்கும் எர்த்துக்கும் இடையே ஒவ்வொன்றாக மாட்டிப் பாருங்கள். 73-க்கு 10 என்ற வகை மீட்டராக இருந்தால் முள் முறையே ஃபுல், பாதி, கிட்டத்தட்டக் காலி என்று நிற்க வேண்டும். 10-இல் ஃபுல் காட்டி 22-இல் முக்கால் காட்டினால் மீட்டரின் அளவே தவறியிருக்கிறது. டேங்கைக் கழற்றாமல், டீசல் ஊற்றாமல் மீட்டரைப் பரிசோதிக்க இதைவிட நல்ல வழி இல்லை.

இங்கே ஒரு கண்ணி உண்டு, மீட்டரை மாற்றியவர்கள் அதிகம் மாட்டிக்கொள்வது இதில்தான். எல்லா மீட்டரும் ஒரே மொழி பேசுவதில்லை. ஒரு குடும்பம் காலியில் 240 ஓம், ஃபுல்லில் 33 ஓம். இன்னொன்று மேலே சொன்ன 73-க்கு 10. ஐரோப்பியப் பாணி ஒன்று தலைகீழ்: காலியில் 10, ஃபுல்லில் 180. பழைய ஜெனரல் மோட்டார்ஸ் பாணியில் காலியில் 0, ஃபுல்லில் 90. முதல் இரண்டு வகையில் ஒயரை எர்த் செய்தால் முள் ஃபுல்லுக்கு ஏறும். மற்ற இரண்டில் காலிக்கு இறங்கும். ஒரு குடும்பத்து மீட்டரை இன்னொரு குடும்பத்து யூனிட்டோடு சேர்த்தால் டேங்க் நிறைய நிறைய முள் இறங்குகிற வேடிக்கையைப் பார்க்கலாம். உங்கள் வண்டியில் எர்த் கெட்டபோது முள் குறைத்துக் காட்டுகிறது என்றால் அது மின்தடை குறையக் குறைய முள் ஏறும் வகை என்று ஊகிக்கலாம். தலைகீழ் வகையாக இருந்திருந்தால் துரு சேரச் சேர டீசல் இருப்பதைவிட அதிகமாகக் காட்டியிருக்கும், அது இன்னும் ஆபத்து. கோயம்புத்தூர் பிரிக்கால் மீட்டரோ வேறு எந்த மீட்டரோ, மாற்றுவதென்றால் மீட்டரையும் யூனிட்டையும் ஒன்றுக்கொன்று பொருந்தும் ஜோடியாக வாங்குங்கள்.

மீட்டர் பக்கமே கோளாறு என்று தெரிந்தால், முதலில் அது எந்த வகை என்று பாருங்கள். சாவி போட்டதும் முள் சோம்பேறித்தனமாக மெல்ல மெல்ல ஏறினால் அது வெப்ப வகை: உள்ளே இரட்டை உலோகப் பட்டை ஒன்று, அதைச் சுற்றிச் சூடேற்றும் கம்பி, சூட்டில் பட்டை வளைய, முள் நகரும். பாதை மோசமாக இருந்து டீசல் அலம்பினாலும் இந்த வகை முள் ஆடாது. முள் சட்டென்று குதித்து நின்றால் அது குறுக்குச் சுருள் வகை: சுருள்களின் காந்த விசை முள்ளைத் திருப்பும். குறுக்குச் சுருளுக்கு பேட்டரி வோல்ட் ஏறினாலும் இறங்கினாலும் பெரிய கவலை இல்லை. வெப்ப வகைக்கு வோல்ட் நிலையாக இருந்தே ஆக வேண்டும், அதனால் அதற்கு முன்னால் ஒரு வோல்ட் நிலைப்படுத்தி இருக்கும்.

அந்த நிலைப்படுத்தி எங்கே இருக்கிறது என்பது வண்டிக்கு வண்டி மாறும். லேண்ட்ரோவர் சீரீஸ் 3-இல் டேஷ்போர்டுக்குப் பின்னால் தனிச் சிறு டப்பாவாக இருக்கும், சராசரியாக 10 வோல்ட் கொடுக்கும். அதன் உள்ளேயும் ஒரு பட்டை சூடாகி விட்டுவிட்டுத் தொடுவதால், மல்டிமீட்டரில் எண் நிலையாக நிற்காமல் துள்ளும். அது பழுதில்லை, அதன் சுபாவம். டெஸ்ட் லேம்ப் வைத்தால் மினுக் மினுக்கென்று எரிவதைக் காணலாம். விடாமல் எரிந்தால் நிலைப்படுத்தி ஒட்டிக்கொண்டது, அல்லது அதற்கு எர்த் இல்லை. அந்த டப்பாவுக்கும் எர்த் வேண்டும் என்பதைப் பலர் மறந்து, டேஷ்போர்டைப் பெயின்ட் அடித்துத் திரும்ப மாட்டும்போது கோட்டைவிடுவார்கள். சிஜே ஜீப்பில் 5 வோல்ட் நிலைப்படுத்தி எரிபொருள் மீட்டருக்குள்ளேயே இருக்கிறது. சூட்டு மீட்டருக்கும் அதுதான் கரண்ட் அனுப்புகிறது. அதனால்தான் சூட்டு முள் எப்படி இருக்கிறது என்று முதலிலேயே பார்க்கச் சொல்கிறேன். இரண்டு முள்ளும் சேர்ந்து அதிகமாகக் காட்டினால், அல்லது ஆக்ஸிலரேட்டரை மிதிக்கும்போது இரண்டும் சேர்ந்து ஏறினால், குற்றவாளி நிலைப்படுத்தி. எரிபொருள் முள் மட்டும் தவறு என்றால் நிலைப்படுத்தியை விட்டுவிட்டுப் பின்னால் போகலாம். உங்கள் வண்டியில் சூட்டு முள் ஒழுங்காக இருப்பதே மீட்டரை மாற்றியிருக்கத் தேவையில்லை என்பதற்கு முதல் அறிகுறி.

நடு ஒயரைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. சேஸிஸ் ஓரமாகப் போகும் ஒயர் கிளிப் உரசி அறுந்தால் ஓபன். தோல் உரிந்து சேஸிஸில் பட்டால் ஷார்ட், டேங்க் காலியானாலும் முள் ஒரே கோடியில் ஒட்டிக்கொண்டிருக்கும். பள்ளம் மேட்டில் மட்டும் முள் துடித்தால் ஒயரை முழு நீளத்துக்கும் கையால் தடவிப் பாருங்கள்.

இனி டேங்குக்குள். யூனிட்டைக் கழற்றுமுன் பேட்டரி நெகட்டிவைக் கழற்றிவிடுங்கள், டேங்கில் டீசல் பாதிக்குக் கீழே இருக்கட்டும், மேல்புறச் சேற்றை முதலில் கழுவித் துடைத்துவிடுங்கள்; இல்லையென்றால் அத்தனையும் டேங்குக்குள் விழும், அப்புறம் ஃபில்டர் அடைப்பு என்று இன்னொரு கேள்வி எழுத வேண்டியிருக்கும். பெட்ரோல் வண்டியானால் திறந்த வெளியில் மட்டுமே செய்யுங்கள், பக்கத்தில் குண்டு பல்ப் விளக்கு வேண்டாம். ஐந்து ஸ்க்ரூ உள்ள யூனிட்டுகளில் துளைகள் சம இடைவெளியில் இருக்காது, ஒரே ஒரு திசையில்தான் பொருந்தும். கழற்றும்போதே ஒரு கோடு போட்டு வைத்துக்கொண்டால் திரும்ப மாட்டும்போது சுற்றிச் சுற்றித் தேட வேண்டாம்.

வெளியே எடுத்த யூனிட்டின் கையை அடியிலிருந்து உச்சிவரை மெதுவாக நகர்த்திக்கொண்டே ஓம் அளந்து பாருங்கள். எண் ஒரே சீராக ஏறவோ இறங்கவோ வேண்டும். நடுவில் எங்காவது எண் மறைந்து மீண்டும் வந்தால் அந்த இடத்தில் சுருள் தேய்ந்துவிட்டது. இதற்கு முள் உள்ள பழைய அனலாக் மல்டிமீட்டர் இருந்தால் உத்தமம். டிஜிட்டல் மல்டிமீட்டர் எண்ணைப் புதுப்பிப்பதற்குள் கை அந்தத் தேய்மானத்தைத் தாண்டிப் போயிருக்கும். ஓட்டும்போது இதன் அடையாளம் வேறு மாதிரி இருக்கும்: ஃபுல்லிலிருந்து முக்கால்வரை சரி, திடீரென்று காலி, கொஞ்ச தூரம் போனதும் மறுபடி பாதி. எர்த் கோளாறு இப்படித் துண்டு துண்டாகப் பொய் சொல்லாது.

சுருளில் அழுக்கு மட்டும்தான் என்றால் கான்டாக்ட் கிளீனர் தெளித்து, பென்சில் ரப்பரால் லேசாகத் துடைத்தால் போதும். உப்புத்தாள் வேண்டாம், அந்தக் கம்பி முடியைப் போல மெல்லியது. சில யூனிட்டுகளில் தொடுமுனை வெள்ளிக் கலவை. எரிபொருளில் கந்தகம் அதிகமானால் அது கறுத்துக் கரண்டை விடாது. 2004-இல் அமெரிக்காவில் லூசியானா, ஃப்ளோரிடா பக்கம் கந்தகம் கூடிய பெட்ரோல் விற்பனைக்கு வந்து ஏராளமான வண்டிகளின் எரிபொருள் மீட்டர்கள் கெட்டுப்போனது இதனால்தான்.

மிதவையைக் காதோரம் வைத்துக் குலுக்குங்கள். உள்ளே டீசல் சலசலத்தால் ஓட்டை. மிதவை மிதக்காமல் மூழ்கும், முள் எப்போதும் காலியில் கிடக்கும். பித்தளை மிதவையில் ஓட்டை கண்ணுக்குத் தெரியாத அளவில் இருக்கும், வெந்நீரில் அமுக்கினால் குமிழி வரும் இடம் காட்டிக்கொடுக்கும். ஈயம் வைத்து அடைக்கலாமே என்று சிலர் கேட்பார்கள். உள்ளே பெட்ரோல் ஆவி இருக்கும் பித்தளை உருண்டையைச் சூடுபடுத்துவது வம்பை விலைக்கு வாங்குவது. புது மிதவை பெரிய விலையில்லை.

நான்கு சக்கர இயக்க வண்டிகளுக்கே உரிய சில விஷயங்களும் உண்டு. பாறையில் டேங்கின் அடி இடித்து உள்ளே குழிந்திருந்தால் மிதவையின் கை முழுவதும் இறங்காது. முள் எப்போதும் கால் டேங்கிலேயே நின்றுவிடும், வண்டி டீசல் இல்லாமல் நின்றுவிடும். எலக்ட்ரிகல் சோதனை அத்தனையும் தேறிய பிறகும் இப்படி இருந்தால், வண்டிக்கு அடியில் படுத்து டேங்கைத் தடவிப் பாருங்கள். அதேபோல ஏற்றத்தில் மூக்கு மேலாக நிறுத்திய ஜீப்பில் எடுக்கும் அளவு எதுவும் செல்லாது. டீசல் பின்பக்கம் போய்விடும், யூனிட் எந்த ஓரத்தில் இருக்கிறதோ அதற்கேற்ப முள் கூட்டியோ குறைத்தோ சொல்லும். எந்தச் சோதனையையும் சமதளத்தில் செய்யுங்கள்.

வளைகுடா நாடுகளில் லேண்ட் க்ரூஸர், பேட்ரோல் ஓட்டுகிறவர்கள் இதைப் படித்தால்: முதன்மை டேங்க், துணை டேங்க் இரண்டுக்கும் ஒரே மீட்டரை ஸ்விட்ச் மாற்றிப் பார்க்கும் வண்டியில் உங்களுக்குப் பாதி வேலை மிச்சம். ஒரு டேங்குக்குச் சரியாகக் காட்டி மற்றதற்குத் தவறினால் மீட்டர் குற்றமற்றது. அந்த டேங்கின் யூனிட், எர்த், மாற்று ஸ்விட்ச் இவற்றை மட்டும் பாருங்கள். சுபாரு ஃபாரெஸ்டர் போல நடுவில் ப்ரொப்பல்லர் ஷாஃப்ட் போவதற்காக டேங்க் இரண்டு மடியாக இருக்கும் வண்டிகளில் மடிக்கு ஒரு யூனிட் இருக்கும், இரண்டையும் அளக்க வேண்டும். எரிபொருள் அளவைக் கம்ப்யூட்டர் வழியாகக் காட்டும் புது வண்டிகளில் ஒயரைக் கழற்றி எர்த் செய்யும் வித்தையே வேண்டாம், ஸ்கேனரை மாட்டி யூனிட் அனுப்பும் அளவைப் படியுங்கள்.

எல்லாம் சரியான பிறகு ஒரு வேலை பாக்கி இருக்கிறது, இதை மட்டும் பெரும்பாலோர் விட்டுவிடுகிறார்கள். டீசல் நன்றாகக் குறைந்திருக்கும் நாளில், சமதளத்தில் நிறுத்தி, ஐந்து ஐந்து லிட்டராக ஊற்றி, ஒவ்வொரு முறையும் முள் நிற்கும் இடத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். வெப்ப வகை மீட்டர் என்றால் ஊற்றியபின் ஒரு நிமிடம் பொறுத்துப் பார்க்க வேண்டும். பழைய டேங்குகளின் வடிவத்தால் முள்ளின் பாதி டேங்கின் பாதியாக இருக்கும் என்று எந்த உத்தரவாதமும் கிடையாது. காலிக் கோட்டில் எத்தனை லிட்டர் மிச்சம் என்று தெரிந்துகொள்வதுதான் முக்கியம். டீசல் எஞ்சினில் டேங்க் வறண்டால் லைனில் ஏர் ஏறிவிடும். டீசல் வாங்கிவந்து ஊற்றினாலும் கைப்பம்பை அடித்து ஏர் எடுத்தால்தான் வண்டி கிளம்பும். அதை மலைப்பாதையில், மழையில் செய்ய யாருக்கும் ஆசை இருக்காது. அதுவரை, டேங்க் வாய் நேராக இருந்தால் மூங்கில் குச்சி விட்டுப் பார்ப்பதில் எந்த வெட்கமும் இல்லை. பல டிரைவர்கள் மீட்டர் நன்றாக இருந்தும் அதைத்தான் நம்புகிறார்கள்.

எர்த் ஒயர் போட்டும் முள் பாதியைத் தாண்டவில்லை என்றால் மூன்று எண்களை எழுதுங்கள்: டேங்க் நிறைந்திருக்கையில் யூனிட்டின் டெர்மினலுக்கும் விளிம்புக்கும் இடையே எத்தனை ஓம், டெர்மினலுக்கும் பேட்டரி நெகட்டிவுக்கும் இடையே எத்தனை ஓம், விளக்கு எரியும்போது விளிம்பில் எத்தனை வோல்ட். புதிதாக மாற்றிய மீட்டரின் பின்பக்கம் ஏதாவது எண் அச்சிட்டிருந்தால் அதையும் சேர்த்து எழுதுங்கள், ஜோடி பொருந்துகிறதா என்று பார்க்கலாம்.